மோட்டார் மேல் தப்பில்லை

எங்கள் குடியிருப்பில் மொத்தம் பன்னிரண்டு வீடு. நங்கநல்லூர் பக்கம், தரைத்தளம் போக மூன்று மாடி, கட்டி இருபத்தைந்து வருஷம் ஆகிறது. போன வருஷம் அசோசியேஷன் கூட்டத்தில் செக்ரட்டரி பதவிக்கு ஆள் கேட்டபோது எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் மட்டும் காபி டம்ளரை வைக்கக் கையை நீட்டினேன். அவ்வளவுதான், செக்ரட்டரி ஆகிவிட்டேன். சென்னையில் அபார்ட்மெண்ட் செக்ரட்டரி என்றால் தண்ணீர் இலாகா மந்திரி என்று அர்த்தம். லிஃப்ட், வாட்ச்மேன் சம்பளம், மெயின்டனன்ஸ் பாக்கி எல்லாம் அப்புறம்தான்.

பதவியேற்ற மூன்றாவது வாரம் மோட்டார் எரிந்தது. காயில் போய்விட்டது என்றார் எலக்ட்ரீஷியன், ரீவைண்டிங் பண்ணி மாட்டினோம். நாற்பதே நாள், மறுபடியும் அதே கருகல் வாசனை. வாட்ஸ்அப் குழுவில் உடனே விசாரணைக் கமிஷன் கூடிவிட்டது. செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பியைச் சுற்றி ஏமாற்றிவிட்டார்கள் என்றார் மூன்றாம் மாடிக்காரர். புதிதாக வந்த வாடகைக்காரர்கள் நாள் முழுக்க வாஷிங் மெஷின் ஓட்டுகிறார்கள் என்றார் முதல் மாடி மாமி. வோல்டேஜ் என்றார் ஒருவர், வாஸ்து என்றார் இன்னொருவர் (சம்ப் ஈசான்ய மூலையில் இல்லையாம்). நான் வெளியே சொல்லாமல் மோட்டார் செய்தவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

துப்பு கொடுத்தவர் வாட்ச்மேன் அண்ணன். கேட் சாவியைக் கொடுக்கும்போது போகிற போக்கில் சொன்னார்: "முன்னெல்லாம் மோட்டார் ஒரு வாட்டி போட்டா ஒரு மணி நேரம் ஓடும் சார். இப்ப பழைய ஸ்கூட்டர் மாதிரி விட்டு விட்டு உறுமுது."

மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு ஒரு நோட்டுப் புத்தகம், பிளாஸ்டிக் நாற்காலி சகிதம் மொட்டைமாடியில் உட்கார்ந்தேன். டேங்க் 10,000 லிட்டர், ஆறடி ஆழம். ஆறு மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் குழாய் திறக்க ஆரம்பித்ததும் கூத்தும் ஆரம்பித்தது. இரண்டு நிமிஷம் மோட்டார் ஓடும், நிற்கும். நாலு நிமிஷம் கழித்து கன்ட்ரோலர் பெட்டியில் டிக் என்று ஒரு சத்தம், மறுபடி ஓடும். ஒரு மணி நேரத்தில் பத்து தடவை.

மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். தானியங்கி கன்ட்ரோலர் என்று ஒன்று வைத்திருக்கிறோமே, அதிலிருந்து மூன்று கம்பி தொட்டிக்குள் தொங்கும். ஒன்று அடிவரைக்கும் போகும் பொதுக் கம்பி. இன்னொன்று 'நிறுத்து' கம்பி, உச்சியில் இருக்கும், தண்ணீர் அதைத் தொட்டால் மோட்டார் நிற்கும். மூன்றாவது 'போடு' கம்பி, தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால் மோட்டார் ஓடும். எனக்கு முந்தைய செக்ரட்டரி காலத்தில் பெட்டியை மாற்றியபோது யாரோ 'போடு' கம்பியை 'நிறுத்து' கம்பிக்கு இரண்டு விரற்கடை கீழே சேர்த்துக் கட்டிவிட்டிருக்கிறார்கள். தொங்குகிற ஒயர் அசிங்கமாக இருந்திருக்கும், அழகாகச் சுருட்டி டை போட்டிருக்கிறார்கள்.

நோட்டில் கணக்குப் போட்டேன். இரண்டு விரற்கடை என்றால் ஒன்றரை அங்குலம், எங்கள் தொட்டியில் அது சுமார் 200 லிட்டர். காலை நேரத்தில் பன்னிரண்டு வீடும் சேர்ந்து நிமிஷத்துக்கு 50 லிட்டர் இழுக்கிறது, மோட்டார் நிமிஷத்துக்கு 150 லிட்டர் ஏற்றுகிறது. ஆக நாலு நிமிஷத்தில் 200 லிட்டர் காலி, மோட்டார் ஓடும்போது நிகரமாக 100 லிட்டர் ஏறுவதால் இரண்டே நிமிஷத்தில் நிரம்பிவிடும். மோட்டார் ஓடுவதால் படுகிற பாட்டைவிடக் கிளம்புவதால் படுகிற பாடு அதிகம். நின்ற இடத்திலிருந்து சுழலத் தொடங்கும் அந்த நொடியில் வழக்கமான கரண்டைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், அத்தனையும் காயிலில் சூடாக இறங்கும். ஆறுவதற்குள் அடுத்த ஸ்டார்ட். எந்தக் காயில்தான் தாங்கும்?

கேபிள் டையை வெட்டிக் கம்பியை மூன்றடி கீழே இறக்கினேன். இப்போது 5,000 லிட்டர் குறைந்தால்தான் மோட்டார் கிளம்புகிறது, கிளம்பினால் முக்கால் மணிக்கு மேல் ஓடுகிறது. அதற்குப் பிறகு காயில் போகவில்லை.

இதில் எனக்கு உறைத்தது என்னவென்றால், மோட்டார் நல்ல மோட்டார், கன்ட்ரோலர் நல்ல கன்ட்ரோலர், ரீவைண்டிங் செய்தவர் போட்டதும் அசல் செம்புதான் (கழற்றிக்கூடப் பார்த்தோம், பாவம்). தனித்தனியாகக் கழற்றி எதைச் சோதித்தாலும் பாஸ். கோளாறு இரண்டு கம்பிக்கு நடுவே இருந்த வெற்றிடத்தில் இருந்தது. அதற்கு ஸ்பேர் பார்ட் கிடைக்காது, ரிச்சி தெரு முழுக்க அலைந்தாலும்.

சிஸ்டம்ஸ் திங்கிங் என்று இதற்கு ஒரு படிப்பே இருக்கிறது, கனமான அம்புக்குறிப் படங்களோடு. நமக்கு அவ்வளவு வேண்டாம். மளிகைக் கடை நோட்டில் இருக்கும் மூன்று வார்த்தை போதும்: வரவு, செலவு, இருப்பு. அதோடு இரண்டு கேள்வி. இருப்பு எவ்வளவு என்று யார் யாருக்குச் சொல்கிறார்கள்? சொல்லி, அவர்கள் ஏதாவது செய்து, அது பலிக்க எவ்வளவு நேரம் ஆகிறது? இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்ட பிறகு வீட்டில் பாதிச் சாமான் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்துவிட்டது.

ஃபிரிட்ஜுக்குள்ளும் அதே 'போடு', 'நிறுத்து' இடைவெளி இருக்கிறது. இஸ்திரிப் பெட்டியில் சின்ன விளக்கு அணைந்து எரிவதும் அதுதான். குக்கர் இன்னும் அழகு. மேலே வைக்கிற வெயிட்தான் அங்கே கன்ட்ரோலர், மின்சாரமே இல்லாமல். உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிட ஏறக்குறைய இன்னொரு மடங்கு ஏறியதும் வெயிட்டைத் தூக்கிக்கொண்டு நீராவி தப்பிக்கும், அழுத்தம் குறைந்ததும் வெயிட் உட்கார்ந்துவிடும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும், அதனால்தான் பருப்பு சீக்கிரம் மலர்கிறது. வெயிட் தூக்க ஆரம்பித்த பிறகு அடுப்பைப் பெரிதாக எரித்தால் உள்ளே சூடு கூடாது, விசில்தான் கூடும். அம்மா முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைப்பாள். நான் சின்ன வயதில் அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன்.

ஏசி விஷயத்தில் நான் பண்ணியது வெட்கக்கேடு. மே மாத வெயிலில் பைக் ஓட்டி வந்து, ரிமோட்டை எடுத்து 16 என்று வைப்பேன், சீக்கிரம் குளிரட்டும் என்று. எங்கள் வீட்டில் இருப்பது இன்வெர்ட்டர் இல்லாத பழைய ஏசி. அதன் கம்ப்ரஸருக்குத் தெரிந்தது இரண்டே காரியம், ஓடு அல்லது நில். 24 வைத்தாலும் 16 வைத்தாலும் குளிர்கிற வேகம் ஒன்றுதான், எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான் வித்தியாசம். 16-ஐ வைத்துவிட்டுத் தூங்கிப்போவேன், ராத்திரி இரண்டு மணிக்கு நடுங்கிக்கொண்டு எழுந்து அணைப்பேன், மூன்றரைக்கு வியர்த்து எழுந்து மறுபடி 16. ரூம் சில்லிட அரை மணி ஆகும், எனக்கோ அஞ்சு நிமிஷத்துக்கு மேல் பொறுமை கிடையாது. நீராவி இயந்திரக் காலத்திலேயே இந்தத் தொல்லை இருந்திருக்கிறது. வேகத்தைக் கட்டுப்படுத்த ஜேம்ஸ் வாட் 1788-ல் சுழலும் இரும்புக் குண்டுகளை வைத்து ஒரு கவர்னர் பொருத்தினார். அப்படிப்பட்ட கவர்னர்கள் சில சமயம் இயந்திரத்தை அடக்குவதை விட்டுவிட்டு அதையே ஊஞ்சலாட்டின. ஏன் என்று கணக்குப் போட்டு 1868-ல் கட்டுரை எழுதியவர் மாக்ஸ்வெல், மின்காந்த அலைக்குச் சமன்பாடு கொடுத்த அதே ஆள். என் படுக்கையறையில் ஊஞ்சலாடிய கவர்னர் நான்தான்.

தாமதம் என்ன பண்ணும் என்று நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டது 2019 கோடையில். அப்போது நான் செக்ரட்டரி இல்லை, வேறு ஏரியாவில் வாடகை வீடு. அந்த வருஷம் ஜூனில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. வீட்டு போரில் காற்றுதான் வந்தது. லாரி ஒன்று புக் பண்ணினோம். மூன்று நாள் ஆகியும் வரவில்லை. சரி, இது வராது போலிருக்கிறது என்று தெரிந்தவர் மூலம் தனியார் லாரி ஒன்று சொல்லி வைத்தோம். அதுவும் காணோம். கீழ்வீட்டு அண்ணா அவர் பங்குக்கு, எங்களிடம் சொல்லாமலே, இன்னொன்று சொன்னார். எட்டாவது நாள் மதியத்துக்குள் மூன்றும் வந்து வரிசையாக நின்றன. சம்ப் கொள்ளளவு 12,000 லிட்டர். ஒன்றை இறக்கினோம், இரண்டாவதில் பாதியைக் குடம், டிரம், குழந்தையின் பிளாஸ்டிக் தொட்டி என்று பிடித்தோம், மூன்றாவதுக்குத் தண்ணீர் வாங்காமலே வாடகை கொடுத்து அனுப்பினோம். டிரைவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இதை லாரி அனுப்புகிறவர் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். அவர் நோட்டில் எங்கள் ஒரு வீட்டுக்கு மூன்று ஆர்டர். ஊரில் எல்லாரும் இப்படியே செய்தால், இருக்கிற தாகத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு தாகம் அவர் கண்ணுக்குத் தெரியும், வரிசை நீளும், வரிசை நீண்டதைப் பார்த்து நாம் இன்னொரு ஆர்டர் போடுவோம். இதில் கெட்டவர் என்று ஒருவருமே கிடையாது. டீக்கடையில் ஜிபே சுற்றிக்கொண்டே நின்றால் பொறுக்காமல் இன்னொரு தடவை அனுப்பி, ஒரு டீக்கு இரண்டு டீக் காசு கொடுப்பதும் இதே வியாதிதான்.

செக்ரட்டரி ஆன பிறகு, எல்லாம் தெரிந்தும், நானே ஒரு தடவை இதில் விழுந்தேன். போர் கொஞ்சம் மக்கர் பண்ணியது. தண்ணீரை மிச்சம் பிடிக்கலாம் என்று ராத்திரி பத்து மணிக்குக் குழுவில் போட்டேன்: "நாளை தண்ணீர் காலை 6 முதல் 8 வரை மட்டுமே." மறுநாள் ஆறே முக்காலுக்கு டேங்க் காலி. சாதாரண நாளில் மதியம் வரை தாங்கும் தொட்டி அது. பன்னிரண்டு வீட்டிலும் இருந்த வாளி, அண்டா, கூல்டிரிங்ஸ் பாட்டில் அத்தனையும் நிரம்பியிருந்தது, பற்றாக்குறை வந்துவிட்டால் என்ன பண்ணுவது என்ற பயத்தில் பற்றாக்குறையையே உண்டாக்கிவிட்டார்கள். என் வீட்டில் எத்தனை பாத்திரம் நிரம்பியிருந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அடுத்த தடவை நேரத்தைச் சொல்லவில்லை, டேங்க் பாதிக்கு வந்த போட்டோவை மட்டும் காலையும் மாலையும் போட்டேன். ஓரளவு பரவாயில்லை.

மழைக்காலத்தில் செய்தித்தாளில் ஒரு சின்னப் பெட்டி வரும், கவனித்திருப்பீர்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள், ஒவ்வொன்றுக்கும் கொள்ளளவு, இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம். மளிகைக் கடை நோட்டேதான், அளவு மட்டும் பெரிது. ஆனால் இதில் ஒரு சின்ன வம்பு: இருப்பை மில்லியன் கன அடியில் போடுவார்கள், வரத்தை விநாடிக்கு இத்தனை கன அடி என்று போடுவார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு பெருக்கல் வேண்டும். ஒரு நாளைக்கு 86,400 விநாடி, ஆக விநாடிக்கு 1,000 கன அடி ஒரு நாள் முழுக்க வந்தால் 86 மில்லியன் கன அடி சொச்சம். செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அப்படிப் பார்த்தால் 1,000 கன அடி வரத்து பயப்படும்படியான சமாச்சாரம் இல்லை, காலி ஏரி நிரம்ப நாற்பது நாளுக்கு மேல் ஆகும்.

இதே பெருக்கலை 2015 டிசம்பர் 1-க்குப் போட்டுப் பாருங்கள். அன்றிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை, சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையில் மூன்றில் ஒரு பங்கு. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். ஒரு நாளைக்கு 2,500 மில்லியன் கன அடி அது. ததும்ப நிற்கிற ஏரியை ஒன்றரை நாளில் கழுவி ஊற்றிவிடக்கூடிய வேகம், அதுவும் ஏற்கெனவே நிரம்பி ஓடிக்கொண்டிருந்த அடையாற்றுக்குள். யார் எப்போது திறந்திருக்க வேண்டும் என்ற சண்டைக்கு நான் போகவில்லை. ஆனால் மதகுக்குப் பக்கத்தில் நிற்கிற அதிகாரியின் நிலைமையை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. முன்கூட்டியே காலி செய்து வைத்து மழை பொய்த்துப்போனால் கோடையில் ஊர் வறண்டு சாகும். வைத்திருந்து மழை கொட்டினால் ஊர் முழுகும். ஒரே தொட்டியை வெள்ளத்துக்குக் காலியாகவும் வறட்சிக்கு நிறைவாகவும் வைத்திருக்கச் சொல்கிறோம். இங்கே 'போடு' கம்பியும் 'நிறுத்து' கம்பியும் ஒரே இடத்தில் கட்டிக்கிடக்கின்றன என்று எனக்குத் தோன்றும், உவமை கொஞ்சம் நொண்டினாலும்.

நாலே வருஷம் கழித்து அதே ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. 2019 ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் வந்தது, 50 வேகன், 25 லட்சம் லிட்டர். டிவியில் மாலை போட்டு வரவேற்றதைப் பார்த்து எனக்கும் புல்லரித்தது. பிறகு ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், நிரம்பிய செம்பரம்பாக்கம் ஒன்றுக்கு ஈடு செய்ய அப்படி நாற்பதாயிரம் ரயிலுக்கு மேல் வேண்டும்.

தண்ணீருக்காவது ஏரி இருக்கிறது. கரண்டுக்கு அதுவும் இல்லை, இதுதான் எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்த விஷயம். நான் இங்கே மிக்ஸி போடுகிற அதே நொடியில் எங்கோ ஒரு ஜெனரேட்டர் அந்த அளவுக்குக் கூடுதலாக உழைத்தாக வேண்டும். இருப்பு என்று பார்த்தால், சுற்றிக்கொண்டிருக்கும் அந்த ராட்சத உருளைகளின் வேகம்தான் முதல் சில விநாடிகளுக்குக் கைகொடுக்கிற இருப்பு. வடசென்னை அனல்மின் நிலையம் மாதிரி இடங்களில் டர்பைன் நிமிஷத்துக்கு 3,000 சுற்று, விநாடிக்கு 50, அதுதான் நாம் சொல்கிற 50 ஹெர்ட்ஸ். தேவை கூடினால் உருளைகள் ஒரு துளி மந்தமாகும், தேவை குறைந்தால் ஒரு துளி வேகமெடுக்கும். மின் நிலையங்களையும் ஊர்களையும் ஒன்றாகப் பிணைக்கிற கம்பி வலைக்கு கிரிட் என்று பெயர், அந்த மொத்த கிரிட்டுக்கும் அந்த எண்தான் மட்டக் குச்சி. முதல் சமாளிப்புக்கு யாரும் யாருக்கும் போன் பண்ண வேண்டாம், பெரிய நிலையங்கள் பலவும் அந்த எண்ணைப் பார்த்தே ஏற்றி இறக்கும்.

2020 ஏப்ரல் 5 ஞாபகம் இருக்கிறதா, இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிஷம் விளக்கணைக்கச் சொன்னார்களே? 12,000 முதல் 14,000 மெகாவாட் குறையும் என்று கிரிட்காரர்கள் எதிர்பார்த்தார்கள். குறைந்தது 31,000 மெகாவாட்டுக்கும் மேல். நாங்கள் பால்கனியில் அகல் விளக்கோடு நின்றிருந்த நேரத்தில், நினைத்த மாத்திரத்தில் ஏற்றி இறக்கக்கூடிய நீர்மின் நிலையங்களை வைத்து அதைச் சமாளித்திருக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு இது ஒன்றும் தெரியாது, கரண்ட் போகவில்லையே என்றுகூட நினைக்கவில்லை. 2012 ஜூலை 30, 31-ல் வட இந்தியா இருண்டபோது நமக்கு இருளவில்லை, அப்போது தென் மாநில கிரிட் மற்றதோடு ஒரே தாளத்தில் ஓடவில்லை, தனியாக ஓடிக்கொண்டிருந்தது. 2013 டிசம்பர் 31-ல்தான் ராய்ச்சூர் – சோலாப்பூர் லைன் வழியாகச் சேர்த்தார்கள். சேர்ந்தால் ஒருவர் தள்ளாடும்போது மற்றவர் தாங்கலாம், சேர்ந்தே விழவும் செய்யலாம். கூட்டுக் குடும்பம் மாதிரி.

சரி, எங்கள் டேங்குக்கு வருகிறேன். போன மாதம் ஒரு நாள் விடிகாலை நாலு மணிக்கு வாட்ச்மேன் அண்ணன் போன்: "சார், மேல ஊத்துது." இறங்கி ஓடி ஸ்டார்ட்டரை அணைத்தோம். விடிந்ததும் பார்த்தால், 'நிறுத்து' கம்பியில் எங்கள் போர் தண்ணீர் உப்பு வெள்ளையாக ஒரு சட்டை தைத்துப் போட்டிருந்தது. உப்பு மூடிய கம்பிக்குத் தண்ணீர் தொட்டது தெரியவில்லை, தொட்டி வழிய வழிய மோட்டார் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. உப்புத்தாள் வைத்து அரை மணி தேய்த்தேன். இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தேய்க்க வேண்டும் என்று காலண்டரில் குறித்திருக்கிறேன்.

"தூக்கத்துல உங்களுக்கு எப்படி அண்ணா தெரிஞ்சுது?" என்று கேட்டேன். என்னைக் கூட்டிக்கொண்டு போய் அவர் நாற்காலிக்குப் பின்னால் காட்டினார். ஓவர்ஃப்ளோ குழாய் சுவரோரமாக இறங்கி முடிகிற இடத்தில், தரையில், பழைய எண்ணெய் டின் ஒன்றைத் தட்டையாக்கிச் செங்கல் மேல் சாய்த்து வைத்திருக்கிறார். தண்ணீர் சொட்டினால் தகரத்தில் டமடம என்று அடிக்கும். எத்தனை வருஷமாக அது அங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு, பழைய கன்ட்ரோலர் பெட்டி வருவதற்கு முந்தியிருந்தே என்றார்.

"போன வாரம் கிளீன் பண்றேன்னு யாரோ தூக்கிக் குப்பைல போட்டுட்டாங்க சார். எடுத்து வந்து வெச்சேன். குரூப்ல ஒரு மெசேஜ் மட்டும் போட்டுடுங்க, அந்தத் தகரத்த யாரும் தொட வேணாம்னு."

அன்றைக்கே போட்டுவிட்டேன்.